சைலஸ் விக்கமுக்கு ஓர் அட்டை

எங்கள் பள்ளி மாவட்டத்தில் கழுதைக்கு அட்டை கிடைப்பது சுலபம். மனுஷனுக்குத்தான் கமிட்டி கூட வேண்டும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. என் கோபமெல்லாம் ஏப்ரல் மாதத்தோடு தீர்ந்துபோய்விட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வெர்லீன் மேபரி. ஓக்லஹோமாவில் டோலிவர் என்ற ஊரின் ஆரம்பப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக நான்காம் வகுப்பு டீச்சர். பள்ளியில் கறுப்பு டீச்சர் நான் ஒருத்திதான். அதனால் மாவட்ட ஆபீஸ் எந்த விளம்பரத் தாள் அடித்தாலும் அதில் என் முகம் சிரித்துக்கொண்டு இருக்கும். போன வருஷம் பள்ளிப் பேருந்து டயர் மாற்றியதற்குக்கூட என் படத்தைத்தான் போட்டார்கள்.

ஏப்ரல் இருபத்திரண்டு எங்கள் பக்கத்தில் பெரிய நாள். 1889-ல் அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. எல்லைக் கோட்டில் காத்திருந்த ஆயிரக்கணக்கான ஜனம் சர்க்கார் திறந்துவிட்ட நிலத்துக்குள் குதிரையிலும் வண்டியிலும் கால்நடையாகவும் பாய்ந்தது. எந்த இடத்தில் யார் முதலில் குச்சி நட்டார்களோ, அந்த நூற்றறுபது ஏக்கர் அவர்களுக்கு. அதற்கு முன்னால் அது யார் நிலம் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வேறு கமிட்டி இருக்கிறது. அது பதினோரு வருஷமாகக் கூடவில்லை.

அந்த ஓட்டத்தைப் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் ஓடிக் காட்டுவார்கள். தொப்பியும் பழைய பாவாடையுமாக வருவார்கள். இழுவண்டிக்குப் படுக்கை விரிப்பால் கூடாரம் கட்டிக்கொண்டு வருவார்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் இருபத்திரண்டு கட்டம் போட்டிருக்கும். விசில் ஊதியதும் ஓடி, கட்டத்தில் குச்சி நட்டு, ‘நில ஆபீஸ்’ என்று எழுதி வைத்த மேசைக்குப் போய்ப் பதிய வேண்டும். யார் பேரில் பதிவது? அதற்குத்தான் அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் காலத்தில் குடியேறிய ஒருவரின் பேரும் படமும் நாலு வரியும் போட்ட அட்டை ஒன்று உண்டு. மாவட்ட ஆபீஸிலிருந்து முத்திரை வைத்த உறையில் வரும். அன்று முழுக்க அந்தப் பிள்ளைதான் அந்த ஆள்.

இந்த வருஷம் என் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். உறையிலும் இருபத்து மூன்று அட்டை. இருபத்திரண்டு மனிதர்கள், எல்லாரும் வெள்ளைக்காரர்கள். இருபத்து மூன்றாவது, பஸ்டர் என்ற கோவேறு கழுதை. ‘உழைப்பாளி. நம்பகமானது. மேற்கை உருவாக்கியதில் பெரும் பங்களிப்பு செய்தது’ என்று போட்டிருந்தது. கழுதைக்குக் கட்டம் கிடையாது, ஓரமாக நின்று கத்தலாம்.

தொப்பிக்குள் கையை விட்டு ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். டேலியா விக்கமுக்குக் கழுதை வந்தது. வகுப்பில் கறுப்புப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, கழுதை யாருக்கு வந்தாலும் சிரிப்பார்கள். டேலியாவும் கொஞ்சம் சிரித்தாள். மணி அடித்து எல்லாரும் போனபிறகு என் மேசைக்கு வந்தாள்.

“மிஸ் மேபரி, எங்க ஆளுங்க யாரும் அன்னிக்கு ஓடலையா?”

“ஓடினாங்கம்மா. நிறையப் பேர் ஓடினாங்க.”

“எங்க எள்ளுத்தாத்தா ஓடினார்னு அம்மா சொல்றாங்க. சைலஸ் விக்கம். அப்ப அவர் அட்டை எங்க?”

“உனக்கு அட்டை வரும், நான் வாங்கித் தர்றேன்” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

டேலியாவின் அம்மா ரோஷெலை எனக்கு நன்றாகத் தெரியும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நிலையத்தில் வேலை. என் வீட்டுக்காரர் ஹார்லனுக்கு வாரம் மூன்று நாள் கையில் ஊசி குத்துபவள் அவள்தான். மறுநாளே காகிதங்களோடு வந்துவிட்டாள். மாவட்ட நீதிமன்றத்தில் எடுத்த நிலப் பத்திரத்தின் நகல். மண்கட்டி வீட்டுக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் ஒரு மனுஷன், பக்கத்தில் பெண்சாதி, ஒரு படம். டென்னசியில் அடிமையாகப் பிறந்து, பத்து வருஷம் குதிரைப்படையில் இருந்து, அன்று ஓடிவந்து குச்சி நட்டவர். வெங்காயம் போட்டார். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கிணறு தோண்டினார். இப்போது எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி நிற்பது அவர் நிலத்தில்தான்.

“ஒரு அட்டைதானே கேக்கறேன், மிஸ் வெர்லீன்,” என்றாள் ரோஷெல். “அரண்மனையா கேக்கறேன்? கழுதைக்கு இருக்கில்ல?”

“ஆறு வாரம் இருக்கு. ஆகாம எங்க போகும்?” என்றேன்.

பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் மிஸ் ஓவர்பியிடம் போனேன். காகிதங்களைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“அருமை, வெர்லீன். பங்களிப்புன்னா எங்களுக்கு உயிர். எத்தனை பங்களிப்பு?”

“ஒரு ஆள்.”

“ஆள் இல்ல, பங்களிப்பு. இந்தப் படிவம் பங்களிப்புக்கு. ஆளைச் சேக்கறதுக்கு வேற படிவம்.”

“அதைக் குடுங்க.”

“அது இன்னும் அச்சாகல.”

“கழுதைக்கு எந்தப் படிவம் போட்டீங்க?”

“பஸ்டர் சரிபார்ப்பு முறை வர்றதுக்கு முன்னாலயே உள்ள இருக்கு. அதைத் தொட முடியாது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “விக்கம் கழுதை எதுவும் வெச்சிருந்தாரா? பஸ்டரோட அட்டைல கீழ ஒரு வரி சேத்துடலாம்,” என்றாள். உதவி செய்யும் ஆசையில்தான் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

கடைசியில் பங்களிப்புப் படிவத்தையே பதினாறு பக்கம் நிரப்பிக் கொடுத்தேன். ‘இந்தப் பங்களிப்பு யாருக்காவது வருத்தம் தருமா?’ என்று ஒரு கேள்வி. ‘நிலம் கிடைக்காதவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும்’ என்று எழுதினேன். வேடிக்கையாக எழுதுகிறேன் என்று நினைப்பு. அந்த ஒரு வரிக்காகவே விஷயம் பங்களிப்புச் சரிபார்ப்புக் குழுவுக்குப் போனது. இனத்தைச் சொல்லி எந்தப் பிள்ளை மனசையும் நோகடிக்கக் கூடாது என்று மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. டேலியாவின் மனசு அந்தக் கணக்கில் வருமா என்று கேட்டேன். கேள்வியை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள்.

குழுவுக்குத் தலைவர் மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் லைல் பெம்பர்ட்டன். நல்ல மனுஷன். எல்லாரையும் பேர் சொல்லி விசாரிப்பார். கூட்டம் ஆரம்பித்ததும் எழுந்து நின்று பேசினார்.

“வெர்லீன், ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். கறுப்பர்கள் பங்களிக்கலைன்னு இந்த மாவட்டத்துல யாரும் சொல்லக் கூடாது. நான் விடமாட்டேன். அதே மாதிரி, பங்களிச்சாங்கன்னும் யாரும் சொல்லக் கூடாது. ரெண்டு பக்கத்தையும் சமமா சொல்லாம இருக்கறதுக்குப் பேர்தான் நடுநிலை. இருபது வருஷமா நான் அதைத்தான் கட்டிக் காப்பாத்திட்டு வர்றேன். ஒரு பிள்ளைகூட இங்க எதையும் தெரிஞ்சுக்கிட்டு மனசு நொந்து போனதில்ல.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன், பழக்கதோஷம்.

மாவட்டத்தின் வழக்கறிஞர் தொலைபேசி வழியாகக் கலந்துகொண்டார். காரில் போய்க்கொண்டே பேசினார். நடுவில் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடை ஜன்னலில் நின்று, “வெங்காயம் வேண்டாம்” என்றார். மிஸ் ஓவர்பி அதைக் குறித்துக்கொண்டாள். மறுவாரம் வந்த கூட்டக் குறிப்பில், ‘சட்ட ஆலோசனை: வெங்காயம் வேண்டாம்’ என்று இருந்தது. அட்டையின் வரைவிலிருந்து சைலஸ் விக்கம் வெங்காயம் போட்ட வரியை அடித்திருந்தார்கள். அவர் பர்கருக்குச் சொன்னது என்றேன். சட்ட ஆலோசனையை விளக்கும் தகுதி எனக்கு இல்லை என்றார்கள். வெங்காயம்தானே, போகட்டும் என்று விட்டேன்.

அடுத்தது மாற்றுக் கருத்து. விவாதத்துக்கு இடமுள்ள எந்தப் பாடத்துக்கும் எதிர்த்தரப்பு வேண்டும் என்பது விதி.

“அவரு நிலம் வாங்கினார், கிணறு தோண்டினார். இதுல எதிர்த்தரப்பு என்ன?” என்றேன்.

“அதைத் தேடறதுதான் உங்க வேலை,” என்றார் பெம்பர்ட்டன். “அவரைப் பிடிக்காதவங்க யாராவது இருந்திருப்பாங்க. முயற்சி பண்ணுங்க.”

ஒரு வாரம் தேடினேன். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். சர்ச்சில் வயசானவர்களைக் கேட்டேன். “சைலஸ் விக்கமைத் திட்டினவங்க யாராவது தெரியுமா?” என்று கேட்டதற்கு, டீக்கன் ஒருவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் வேறு வழி இல்லாமல் எதிர்த்தரப்பை நானே எழுதினேன். ‘சைலஸ் விக்கம் வராமலே இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.’ என் கையால் எழுதினேன். குழுவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்கிறது, மற்ற பகுதியும் இப்படி இருக்கலாமே என்றார்கள்.

அதன்பிறகு அசௌகரியப் பரிசோதனை. நூலகத்தில் மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து அட்டையைப் படித்துக் காட்ட வேண்டும். அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம்வரை ஐந்து முகம் வரைந்த தாளில் அவர்கள் விரல் வைப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் கடிகாரத்தோடு நின்றார். இரண்டு பிள்ளைகள் சிரிக்கும் முகத்தில் விரல் வைத்தார்கள். மூன்றாவது பையன் நாலாவது நிமிஷம் முகத்தைச் சுளித்தான்.

“என்னப்பா, உனக்கு என்ன பண்ணுது?” என்றார் ஆலோசகர்.

“ஒண்ணுக்கு வருது.”

“எப்ப ஆரம்பிச்சுது?”

“அவர் கிணறு தோண்டினப்ப.”

கிணறு போயிற்று.

அதற்குப்பின் அட்டை தினமும் இளைத்தது. நூற்றறுபது ஏக்கர் என்பது நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளை உறுத்தும் என்று ஏக்கர் போனது. அடிமையாகப் பிறந்தார் என்றால் யார் அடிமையாக வைத்திருந்தார்கள் என்ற கேள்வி வரும் என்று பிறப்பு போனது. பிறக்காத மனுஷன் படையில் சேர்ந்ததாகச் சொல்வது பொருந்தாது என்று குதிரைப்படை போனது. ‘கறுப்பர்’ என்பதை முதலில் ‘மற்றவர்களைப் போன்றவர்’ என்று மாற்றினார்கள். அப்புறம் அதுவும் யாரையோ சுட்டுவதுபோல இருக்கிறது என்று எடுத்தார்கள். அவர் நிறம் அதில் தெரிகிறது என்று படம் போனது. அது கறுப்பு வெள்ளைப் படம் என்றேன். “அதைத்தான் சொல்றோம்,” என்றாள் மிஸ் ஓவர்பி.

ஏப்ரல் பத்தாம் தேதி கடைசிக் கூட்டத்தில் பேர் மட்டும் மிச்சம் இருந்தது.

“ஒருத்தர் பேரை மட்டும் தனியா சொன்னா, பேர் சொல்லப்படாத மத்தவங்களுக்கு மனசு நோகாதா?” என்றார் பெம்பர்ட்டன்.

“மத்த இருபத்திரண்டு அட்டையிலயும் பேர் இருக்கே.”

“அவங்க ஏற்கெனவே இருக்கறவங்க, வெர்லீன். புதுசா வர்றவங்க கொஞ்சம் அடக்கமா வரணும். அதுதான் குடியேறினவங்களோட பண்பு.”

“பேர் இல்லாத அட்டையை அந்தப் பிள்ளை கையில நான் குடுக்க மாட்டேன்,” என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பெம்பர்ட்டன் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஹார்லன் எப்படி இருக்கார்?”

“இருக்கார்.”

“வாரம் மூணு நாளா இன்னும்? பாவம். நல்லவேளை, நம்ம மாவட்டத்தோட மருத்துவக் காப்பீடு எல்லாத்தையும் பாத்துக்குது. வேற எங்கயும் இப்படிக் கிடைக்காது, தெரியுமா? நான் தினமும் அவருக்காக ஜெபம் பண்றேன், வெர்லீன்.”

அவர் மிரட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன். நிஜமாகவே ஜெபம் செய்பவர்தான். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். அட்டையில் இல்லாத எதையும் பள்ளி நேரத்தில் வாய்மொழியாகக்கூடச் சொல்வதில்லை, மீறினால் அன்றே வேலை போகும் என்ற உறுதிமொழியும் அதோடு இருந்தது. அதிலும் போட்டேன்.

மூன்று நாளில் அட்டை வந்தது. கெட்டி பிளாஸ்டிக் உறை, மூலையில் தங்க நிற முத்திரை. நடுவில்: ‘குடியேறியவர் ஒருவர். பங்களித்தார். (இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு.)’

மாவட்ட ஆபீஸ் அன்றே செய்தி வெளியிட்டது. மேற்குக் குடியேற்றத்தில் கறுப்பர்களின் பங்களிப்பைப் பாடத்தில் சேர்த்த முதல் பள்ளி எங்கள் வட்டாரத்தில் இதுதானாம். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், டயர் மாற்றியபோது எடுத்த அதே படம்.

டேலியா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வங்கிக்காரர் அட்டை வைத்திருந்த டக்கர் என்ற பையன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழுதையைக் கேட்டு வாங்கிக்கொண்டான், கத்தலாமே. ஆகவே கணக்கு சரியாகிவிட்டது. இருபத்திரண்டு மனிதர், இருபத்திரண்டு கட்டம், ஒரு கழுதை.

“இது யாரு, மிஸ் மேபரி?” என்றாள் டேலியா.

“உனக்குத்தான் தெரியுமே.”

“எனக்குத் தெரியும். அட்டைக்குத் தெரியலையே. நான் பேனாவால எழுதிக்கட்டுமா?”

“அதுல எதுவும் எழுதக் கூடாதும்மா.”

“சரி, கேட்டா வாயால சொல்லிடறேன். நீங்களும் ஆமான்னு சொல்லுங்க, போதும்.” என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, பார்க்கலாம் என்றா, எனக்கே தெரியாது. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் காற்று சுழற்றி அடித்தது. செம்மண் கண்ணை மறைத்தது. பாதி இழுவண்டிகளின் கூடாரம் வேலியில் போய் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் ஒரு மேசையில் சோள ரொட்டியும் பீன்ஸும் மூடி வைத்திருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் பிடிக்க ஒருவர் வந்திருந்தார். நில ஆபீஸ் மேசையில் பெம்பர்ட்டன் அகலத் தொப்பியோடு உட்கார்ந்து பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். வருஷா வருஷம் குமாஸ்தா வேஷம் அவருக்குத்தான். வேலிக்கு வெளியே ரோஷெல் வேலை உடுப்போடு நின்றாள். இடைவேளையில் ஓடி வந்திருந்தாள், கையில் நிலப் பத்திரத்தின் நகல். கையிலிருந்த காகிதம் குழு சரிபார்க்காதது என்று அவளை உள்ளே விடவில்லை.

விசில் ஊதியது. என்ன ஓட்டம் ஓடினாள் அந்தப் பெண்! தொப்பி பறந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் பக்கத்துக் கட்டங்களுக்கு முட்டிக்கொண்டபோது அவள் நேராகத் தூரத்து ஒன்பதாம் கட்டத்துக்குப் போய்க் குச்சியை இரண்டு கையாலும் அழுத்தி நட்டாள். அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்து மேசைக்கு முன்னால் முதல் ஆளாக நின்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் செம்மண், அதற்குள்ளே சிரிப்பு.

“அடேங்கப்பா, மான் மாதிரி வந்தியே,” என்றார் பெம்பர்ட்டன். “பேர்?”

“சைலஸ் விக்கம், சார். ஒன்பதாம் கட்டம்.”

“அட்டையைக் காட்டு, கண்ணு.”

காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவரே கையெழுத்துப் போட்ட அட்டை.

“இதுல பேர் இல்லையே.”

“நீங்கதானே சார் எடுத்தீங்க.”

“நான் இல்ல கண்ணு, குழு எடுத்தது. பேர் இல்லாம நிலத்தை எப்படிப் பதியறது? நீயே சொல்லு.”

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. டேலியா நிமிர்ந்து நின்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“சார், அவர் நிஜமா ஓடினப்பவும் இந்த மாதிரி மேசைக்குத்தான் போனார். உக்காந்திருந்தவர் பேர் என்னன்னு கேட்டார். இவர் சொன்னார். அவர் எழுதிக்கிட்டார். அந்தக் காகிதம் அம்மாகிட்ட இருக்கு.”

“அது அந்தக் காலம்,” என்றார் பெம்பர்ட்டன் பரிவோடு. “அப்ப இவ்வளவு நடைமுறையெல்லாம் கிடையாது.”

நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. வெட்டவெளியில், கூடாரத்தில், இடுப்பில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த எவனோ ஒரு குமாஸ்தா. கறுப்பன் என்று மனசுக்குள் என்ன வைதானோ. ஆனால் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

“மிஸ் மேபரி சொல்வாங்க,” என்றாள் டேலியா. “அவங்களுக்குத் தெரியும்.”

பெம்பர்ட்டன் பேனாவைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். “விதியில அதுக்கு இடம் இருக்கு. டீச்சர் எல்லார் முன்னாடியும் வாயால உறுதி சொன்னா எழுதிக்கலாம். பின்னால அதுக்கு உண்டான விசாரணை நடக்கும், அது வேற. சொல்லுங்க வெர்லீன். இது யாரோட அட்டை?”

படக்காரர் காமிராவைத் தூக்கினார். வேலிக்கு வெளியே ரோஷெல் காகிதத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். டேலியா பார்க்கக்கூட இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். பதிவுப் புத்தகத்தில் அவர் எழுதப்போகும் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஹார்லனின் கை கண்ணில் வந்தது. ஊசி குத்திக் குத்திக் கயிறு முறுக்கியதுபோல் ஆகிவிட்ட நரம்பு. வியாழக்கிழமை, சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை.

“எனக்கு அட்டையில இருக்கறதுதான் தெரியும்,” என்றேன்.

என் குரல்தான். காற்றில் எல்லாருக்கும் கேட்டது.

டேலியா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. ஏதோ ஒன்றைச் சரிபார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்புறம் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, குச்சி நட்ட இடத்துக்குப் போகாமல், மைதானத்தைக் குறுக்கே கடந்து வேலியை நோக்கி நடந்தாள்.

மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பதிந்தார்கள். கடைசியில் ஒன்பதாம் கட்டம் மட்டும் நின்றது. எந்தக் கட்டமும் பதியாமல் இருக்கக் கூடாது, அறிக்கையில் ஓட்டை விழும். பெம்பர்ட்டன் சுற்றிலும் பார்த்து டக்கரைக் கூப்பிட்டார்.

“எனக்கு வேண்டாம் சார். அவதான் முதல்ல வந்தா. நான் கழுதை,” என்றான் அவன்.

“உன் அட்டையில பேர் இருக்குல்ல, தம்பி. கூச்சப்படாத.”

ஒன்பதாம் கட்டம் பஸ்டர் பேரில் பதிவானது. டக்கர் ஓவென்று அழ ஆரம்பித்தான். மிஸ் ஓவர்பி உடனே அசௌகரியப் படிவத்தை எடுத்தாள். அதில் காரணம் என்ற இடத்தில் ‘வரலாறு’ என்று எழுதி, பொறுப்பு என்ற இடத்தில் டேலியாவின் பேரை எழுதினாள். அந்தப் பேரை எழுத யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மே மாதம் எனக்கு விருது கொடுத்தார்கள். மறக்கப்பட்டவர்களின் பங்களிப்பை யார் மனசும் நோகாமல் கற்பித்ததற்காம். போய் வாங்கிக்கொண்டேன். பெம்பர்ட்டன் மேடையில் என்னைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார்.

ரோஷெல் அந்த ஓட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமையே பெண்ணைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். நிலையத்தில் இப்போதும் ஹார்லனுக்கு அவள்தான் ஊசி போடுகிறாள். “வலிக்குதா, மிஸ்டர் ஹார்லன்?” என்று கேட்டுக் கேட்டுப் பதமாகக் குத்துகிறாள். என்னிடம் பேசுவதில்லை, திட்டுவதுமில்லை. ஒருநாள் நாலு வார்த்தை திட்டித் தொலைக்க மாட்டாளா என்று நானும் பக்கத்து நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

டேலியாவின் மாறுதல் உத்தரவு மாவட்ட ஆபீஸில் எங்கோ கிடக்கிறது. அது வரும்வரை வருகைப் பதிவேட்டில் பேரை அடிக்கக் கூடாது, கூப்பிடாமலும் விடக் கூடாது. தினமும் காலை எட்டு ஐந்துக்கு எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியில் “விக்கம்” என்கிறேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன். அப்புறம் பேனாவை எடுத்து, விக்கம் என்ற பேருக்கு நேரே, வரவில்லை என்று எழுதுகிறேன்.